தொண்ணூற்றாறிலிருந்து பூஜ்யம் வரை

மகள் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டபோது சிக்னல்காரர் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க டிரம் வாசிப்பீங்கன்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"அவங்க அப்பாகிட்ட."

'அவங்க' என்றால் பையன். மகளோடு பல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன். அவள் பொய்ப்பல்லுக்கு அச்சு எடுப்பாள், அவன் மெருகு போடுவான். நான்கு வருடம் மெருகு போட்டதில் விஷயம் கல்யாணம் வரைக்கும் பளபளத்துவிட்டது. பையனின் அப்பா பெயர் போன தாளக்காரர். லத்தீன் அமெரிக்கக் காங்கா, ஆப்பிரிக்க ஜெம்பே என்று தோல் கட்டிய எதையும் விட்டுவைக்காதவர். முப்பது வருடம் ஒரு வாத்தியக் குழுவைக் கட்டி மேய்த்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் திடீரென்று எல்லாவற்றையும் உதறிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் காலத்து ஆட்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. அது தலைக்கனம் என்று பழைய நண்பர்கள் ஒருமனதாக முடிவு செய்து, வருவதை நிறுத்திவிட்டார்கள்.

மகன் கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "பேச்செல்லாம் வேண்டாம். பொண்ணோட அப்பாவுக்கு வாசிக்கத் தெரியுமா? எதிர்ல உக்காந்து வாசிச்சுப் பாத்தா ஆள் யாருன்னு எனக்குத் தெரிஞ்சிடும். தெரியாதுன்னா வர வேண்டாம், நானும் வரமாட்டேன்." பக்கத்தில் நின்ற மகள், வாய் தவறி, "எங்கப்பா நல்லா வாசிப்பாரே" என்று சொல்லிவிட்டாள்.

"எனக்கு மேஜையில தட்டக்கூடத் தெரியாதேம்மா."

"மூணு மாசம் டைம் இருக்குப்பா. எல்லாம் ஆன்லைன்லயே இருக்கு."

சிக்னல்காரர் நியாயமாகக் கத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் மனதில் வேறொரு கணக்கு ஓடியது. இந்தப் பெண் ஐந்தாம் வகுப்பில் ஒரு வண்ணப்பென்சில் பெட்டி கேட்டாள். அதற்கப்புறம் அப்பாவிடம் எதையுமே கேட்டதில்லை. தானே படித்தாள், தானே வேலை தேடிக்கொண்டாள், காய்ச்சல் வந்தால்கூடத் தானே டாக்டரிடம் போய்விட்டு வந்து அப்புறம்தான் சொல்லுவாள். இருபது வருடம் கழித்து இப்போதுதான் வாய் திறந்து ஒன்று கேட்கிறாள். இதைக்கூடச் செய்து தராவிட்டால் நான் என்ன அப்பன் என்று தோன்றியது. "சரிம்மா" என்றார். அடுத்த காலின் நகத்தை அன்று அவர் வெட்டவே இல்லை.

அவருடைய உத்தியோகத்தைப் பற்றிச் சொன்னால்தான் பிறகு நடந்த கூத்து புரியும். நாற்சந்திகளில் இருக்கும் போக்குவரத்து விளக்குகளுக்கு நேரம் வைப்பது அவர் வேலை. எந்தப் பக்கத்துக்கு எத்தனை நொடி பச்சை, எத்தனை நொடி சிவப்பு, எல்லாம் அவர் கையில். முப்பத்தோரு வருடமாக அவர் தலைக்குள் எண்கள் இறங்கிக்கொண்டேதான் இருந்தன. முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. மாடிப்படி ஏறும்போதும் பதினெட்டில் ஆரம்பித்து இறக்கிக்கொண்டே ஏறுவார். மகளுக்குச் சின்ன வயதில் கண்ணாமூச்சி விளையாட்டில் அவர் பத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்த கதை அந்தக் குடும்பத்தில் இன்னும் ஓடுகிறது. எண் என்றால் அது குறைய வேண்டும், குறைந்து முடிய வேண்டும். கூடிக்கொண்டே போகிற எண்ணை அவர் மனதார நம்பியதில்லை.

அன்று மாலையே ஒரு பழைய நோட்டும் கைபேசியுமாக உட்கார்ந்துவிட்டார். ஆன்லைனில் பாடம் மலை மலையாகக் கிடந்தது. அவர் தேர்ந்தெடுத்தது கோடு போட்ட பனியன் அணிந்த ஒரு தொப்பைக்காரரை. மனிதர் பேசிய பாஷை ஸ்பானிஷா போர்த்துகீசா என்று சிக்னல்காரருக்குத் தெரியாது. ஆனால் சிரித்த முகம், கையைத் தெளிவாகக் காட்டினார். வீடியோவுக்குக் கீழே படமும் இருந்தது. வரிசையாகப் பதினாறு கட்டம், அடிக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி, சும்மா இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி. 'கிளாவே' என்று அதற்குப் பெயர். ஐந்தே ஐந்து அடி, லத்தீன் தாளம் முழுக்க அந்த ஐந்து அடியின் முதுகில்தான் சவாரி செய்கிறது. ஆப்பிரிக்க மணித்தாளத்துக்குப் பன்னிரண்டு கட்டம், ஏழு அடி. கட்டங்களைப் பார்த்ததும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது. சிக்னல் அட்டவணையும் இதே மாதிரிதானே இருக்கும்.

பிரச்சினை வீட்டில்தான். மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. குளிர்சாதனப் பெட்டி கம்பெனிக்கு வரும் புகார்களைத் தொலைபேசியில் கேட்பது. ஐஸ் கட்டவில்லை, கதவு மூடவில்லை, உள்ளே விளக்கு அணையவில்லை என்று ஊரே அவள் காதில் வந்து அழும். பெட்டியைப் பற்றி ஆரம்பித்தவர்கள் மருமகளைப் பற்றி முடிப்பார்கள். அவள் 'ம், சொல்லுங்க' என்று சொல்கிற விதம் அப்படி. கல்லும் கரைந்து எல்லாவற்றையும் கொட்டிவிடும். ஒரே அறையில் அவள் ஒரு மூலை, இவர் ஒரு மூலை.

"என்னங்க, சத்தம் வந்துச்சு, போனை உங்ககிட்ட குடுத்துடுவேன். நீங்களே அந்தம்மாவுக்குப் பதில் சொல்லிக்குங்க."

ஆகவே வீடியோவைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்தார். காதில் மாட்டிக்கொள்ளும் சமாசாரம் அவருக்கு ஆகாது. சாலை நடுவில் நின்று வேலை செய்கிறவன் காதை அடைத்துக்கொண்டால் கதை முடிந்தது என்பார். டிரம்முக்குப் பதில் மடியில் ஒரு தலையணை. பனியன்காரர் வாயசைத்து எண்ணுவார். என்ன பாஷையாக இருந்தால் என்ன, எண்தானே? பதினாறு கட்டம் இருக்கிறதென்றால் அவர் பதினாறிலிருந்துதான் எண்ணுவார் என்பதில் சிக்னல்காரருக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. பதினாறு, பதினைந்து, பதினாலு என்று உதட்டால் எண்ணி, அந்தந்த எண்ணுள்ள கட்டத்தில் குறி இருந்தால் தலையணையில் ஒரு அடி போட்டார்.

இப்படியாக ஒரு மனிதர், ஊமை வீடியோவைப் பார்த்து, தலையணையில் தட்டி, இரண்டு கண்டத்துத் தாளங்களையும் கடைசியிலிருந்து முதலுக்குக் கற்றுக்கொண்டார். ஆன்லைன் ஆசிரியர் மகா பொறுமைசாலி. எத்தனை தப்பு செய்தாலும் அதே சிரிப்பு, அதே பனியன்.

உழைப்பில் மட்டும் குறை சொல்ல முடியாது. காலையில் அரை மணி, மாலையில் ஒரு மணி. தலையணையிலிருந்து பஞ்சு வெளியே வந்து அடுத்த தலையணைக்குப் போனார். துண்டு துண்டாகத் தெரிந்த பதினாறுகளைக் கோத்து ஒரே நீளமாக வாசிக்க அவருக்கு ஓர் எண் தேவைப்பட்டது. பெரிய நாற்சந்தியில் ஒரு முழுச் சுற்று தொண்ணூற்றாறு நொடி. தொண்ணூற்றாறில் ஆறு பதினாறு அடங்கும், எட்டுப் பன்னிரண்டும் அடங்கும். லத்தீனும் ஆப்பிரிக்காவும் அதற்குள் ஒன்றாகக் குடித்தனம் செய்யலாம். பிரபஞ்சமே தனக்காகத்தான் ஏற்பாடு செய்திருக்கிறது என்று அவர் பூரித்துப்போனார். தொண்ணூற்றாறிலிருந்து பூஜ்யம் வரை வாசிப்பார். பூஜ்யத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டு மூன்று நொடி சும்மா இருப்பார். அது விளக்குக்காரர்களின் வழக்கம். எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கிற மூன்று நொடி. நடுவில் மாட்டிக்கொண்ட வண்டிகள் வெளியே போகட்டும் என்று விடுவது. டிரம்மில் எந்த வண்டி மாட்டிக்கொள்ளப் போகிறது என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் கேட்கவில்லை.

குறித்த நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவருக்கு ஆசை தலைக்கேறியது. மூன்று மாதமாக வாசிக்கிறோம், ஒரு தடவையாவது காதால் கேட்க வேண்டாமா? வீட்டில் வாயைத் திறக்க முடியாது. ஆனால் நாற்சந்தியில், பாதசாரிகள் கடக்கும்போது 'பீப் பீப்' என்று ஒலிக்கிற சின்னப் பெட்டி அவர் பொறுப்பில்தான் இருந்தது. கிளாவேயை அதில் ஏற்றிவிட்டு, எதிர்ப்பக்கம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

பச்சை விழுந்தது. பெட்டி ஒலித்தது. இருபது பேர் சாலையில் இறங்கினார்கள், நான்காவது அடியில் அத்தனை பேரும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்கள். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கைப்பெட்டியோடு வந்த வக்கீல் ஒருவர் இரண்டடி பின்னால் போய், ஒரு சுற்றுச் சுற்றி, வந்த பக்கத்துக்கே திரும்பிவிட்டார். தபால்காரர் நடுக்கோட்டில் இடுப்பை ஆட்டிக்கொண்டே, "யாராவது என்னைப் பிடிங்களேன்!" என்று அலறினார். கடந்து முடித்தவர்கள் மூன்றே பேர், அவர்களும் குதித்துக் குதித்து. தாளம் ஜனங்களைப் பிடித்துவிட்டது என்று சிக்னல்காரர் கண் கலங்கினார்.

மேலதிகாரி கண் கலங்கவில்லை. இனிமேல் பீப் பெட்டியின் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று எழுத்தில் கொடுத்தார். யாரோ கைபேசியில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் மகள் கைக்கு வந்து சேர்ந்தது. அவள் மூன்று தடவை போட்டுக் கேட்டாள். பிறகு அப்பாவைத் தேடி வந்தாள். "அப்பா, எண்ணிக் காட்டுங்க" என்றாள்.

"பதினாறு, பதினஞ்சு, பதினாலு..."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "தலைகீழா கத்துக்கிட்டிருக்கீங்கப்பா. ஒண்ணுலேருந்து எண்ணணும். உலகத்துல எல்லாரும் ஒண்ணு, ரெண்டு, மூணுதான்."

சிக்னல்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மிச்சமிருந்த இரண்டு நாளும் ஒன்றிலிருந்து எண்ணிப் பார்த்தார். ஏழு வரை போவார், உடம்பு வியர்த்துவிடும். "ஒண்ணு ரெண்டுன்னு ஏறிக்கிட்டே போனா எங்கம்மா நிக்கிறது? முடிவே தெரியாம எப்படிம்மா வாசிக்கிறது?" என்று பரிதாபமாகக் கேட்டார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்ததைப் பார்த்து மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கப்பா. நான்தானே பொய் சொன்னேன். போயி உண்மையைச் சொல்லிடலாம்."

"சொல்லக்கூடாது" என்றார் அவர். "வாசிக்கிறேன். துப்பினா துடைச்சுக்கறேன்."

தாளக்காரர் வீட்டுக் கூடத்தில் எதிரெதிராக இரண்டு முக்காலி, நடுவில் காங்கா இரண்டு. சுவரோரம் நாற்காலிகள். தாளக்காரர் வணக்கம் என்றதோடு சரி. சிக்னல்காரரின் மனைவி, "வெயில் ஜாஸ்திங்க இன்னிக்கு" என்று பேச்சை ஆரம்பித்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு திமிர் என்று அவள் முகம் சிவந்தது. அவர் மனைவி அவசரமாக வந்து இவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். மகளும் பையனும் கதவோரம் நின்றார்கள். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

சிக்னல்காரர் மகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு தொண்ணூற்றாறு என்று உதட்டைத் திறந்து முதல் அடியைப் போட்டார்.

சத்தம் அவரையே தூக்கிவாரிப் போட்டது. தலையணை ஒருநாளும் இப்படித் திருப்பிப் பேசியதில்லை. ஆனால் எண் இறங்க ஆரம்பித்துவிட்டது, இனி நிற்காது. பயத்தில் உதடு வழக்கத்தைவிடப் பெரிதாகப் பிளந்து பிளந்து எண்ணியது. எண்பது. அறுபத்துநாலு. தாளக்காரர் அவர் கையைப் பார்க்கவே இல்லை, வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் புருவம் சுருங்கியது. அப்புறம் மனிதர் முன்னால் குனிந்தார். அப்புறம் அவர் கை இறங்கியது. சிக்னல்காரரின் தலைகீழ்த் தாளத்துக்குள் அவர் நேர்த்தாளம் புகுந்து, இண்டு இடுக்கெல்லாம் நிரப்பி, கூடம் அதிர ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. அந்த இரைச்சலில் இரண்டு அம்மாக்களும் காதோடு வாய் வைத்துக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதாவது, பையனின் அம்மா கத்தினாள். இவள், "ம், சொல்லுங்க" என்றாள்.

மூன்று, இரண்டு, ஒன்று. பூஜ்யத்தில் சிக்னல்காரர் கைகளைத் தூக்கினார். அதே நொடியில், ஒரு மயிரிழை முன்பின் இல்லாமல், தாளக்காரர் கைகளும் மேலே போயின. எல்லாப் பக்கமும் சிவப்பு. அந்த அமைதிக்குள் பையனுடைய அம்மாவின் கத்தல் மட்டும் நிற்காமல் வந்து விழுந்தது.

"...ரெண்டு வருஷமா இவருக்குக் காது சுத்தமா கேக்கலைங்க! பெத்த பிள்ளைக்கே சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு!"

சொல்லி முடித்துத்தான் டிரம் நின்றிருப்பது அவளுக்குத் தெரிந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவோரத்தில் பையன் பேயறைந்தவன்போல நின்றான். மகள் அவன் கையைப் பிடித்தாள். கூடத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேருக்கு இப்போது விஷயம் வெளியே வந்துவிட்டது தெரியும். தெரியாதது விஷயத்துக்குச் சொந்தக்காரருக்கு மட்டும்தான். அவர் முகமெல்லாம் பல்லாகச் சிக்னல்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க நிறுத்தப் போறோம்னு முதல்லயே சொல்லிட்டு வாசிக்கிற ஆளை என் ஆயுசுல இப்பத்தாங்க பாக்கறேன்! என் குழுவுல ஒருத்தனுக்குக்கூட அது தோணல. எல்லாரும் அவனவன் இஷ்டத்துக்கு நிறுத்துவான், நான் மட்டும் மேடையில தனியா தட்டிக்கிட்டிருப்பேன். ஜனங்க சிரிக்கும்." சொல்லும்போது குரல் லேசாக உடைந்தது. உடனே செருமிச் சரிசெய்துகொண்டார். "சம்பந்தி, கல்யாணத் தேதியை நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்கு நூறு தடவை சம்மதம்."

மகள் கேட்டது கிடைத்துவிட்டது. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது சிக்னல்காரருக்கு. ஆனால் கதவோரத்தில் பையன் நிற்கிற நிலையைப் பார்த்தால் சந்தோஷப்படவே கூச்சமாக இருந்தது. தகப்பனின் தலைக்கனத்தை இரண்டு வருடமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த பிள்ளை அவன்.

"இன்னொண்ணு வாசிக்கலாமா?" என்றார் தாளக்காரர். "இந்தத் தடவை பெரிசா வையுங்க. எத்தனை?"

எந்த நாற்சந்தியிலும், எந்த ஊரிலும், அவ்வளவு நேரம் யாரையும் நிற்க வைக்க முடியாது. தெரிந்துதான் சொன்னார் சிக்னல்காரர். முகத்தை நேராகத் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, "ஐநூறு" என்றார்.

ஐநூற்றிலிருந்து இறங்கினார்கள். தேநீர் ஆறி ஆடை கட்டியது. நானூற்றில் பையனின் அம்மா அழ ஆரம்பித்தாள். சிக்னல்காரரின் மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். முன்னூற்றைம்பதில் சிக்னல்காரருக்கு விரல் நுனி தெறித்தது. தலையணையில் பழகிய கை, வீங்கிக்கொண்டு வந்தது. நிறுத்துவதாக இல்லை. இருநூற்றுச் சொச்சத்தில் பையன் கதவை விட்டு நகர்ந்தான். நேரே வந்து, சிக்னல்காரரின் முக்காலிக்குப் பக்கத்தில், அப்பாவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனும் வாயைத் திறந்து எண்ண ஆரம்பித்தான். நூற்றுத் தொண்ணூறு, நூற்று எண்பத்தொன்பது.

தாளக்காரர் பார்வை ஒரு கணம் தடுமாறியது. சிக்னல்காரர் வாயிலிருந்து இறங்கி மகன் வாய்க்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. கை மட்டும் தப்பவில்லை. நூற்றுக்குக் கீழே வந்தபோது சிக்னல்காரர் மெல்ல உதட்டை மூடிக்கொண்டு மனதுக்குள் எண்ணினார்.

பூஜ்யத்தில் தாளக்காரர் மகனின் வாயைப் பார்த்துத்தான் நிறுத்தினார்.